பெல்ட் மாத்தியாச்சா?

அத்தியாயம் 17

காலை ஆறேகாலுக்கு லோகநாதனின் பட்டறை ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. பெனிஷா காரை ஓரம் கட்டினாள். இன்ஜினை அணைக்காமல் இறங்கினாள். அணைத்தால் ஏசி நின்றுவிடும். பின் சீட்டில் சாய்ந்திருந்த அம்மாவுக்குப் புழுக்கம் தாங்காது.

"ஆஃப் பண்ணிடும்மா. சும்மா நிக்கச்சொல்லோ அது ஓட வேணாம்" என்றபடி குனிந்து வந்தார் லோகநாதன். பல் குச்சியை வாயிலிருந்து எடுத்து மூலையில் போட்டார். "நேத்து நைட்டெல்லாம் உன் வண்டி ஞாபகம்தான்."

நேற்று மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, தண்ணீர் சூடாகிறதென்று காட்டிவிட்டுப் போனாள். வாட்டர் பம்ப் கசிகிறது என்றார். அதோடு விடாமல், நாளைக் காலை போகிற வழியில் வந்துவிட்டுப் போ என்றும் சொல்லியிருந்தார்.

"சீக்கிரம் சொல்லுங்கண்ணே. ஏழரைக்குள்ள ஆஸ்பத்திரியில டோக்கன் போடணும்."

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். டைமிங் பெல்ட்டு எப்போ மாத்துனே?"

பெனிஷாவுக்கு அப்படி ஒரு பெல்ட் இருப்பதே தெரியாது.

"இன்ஜின்ல கீழ ஒரு சக்கரம், மேல ஒரு சக்கரம். ரெண்டும் ஒண்ணாச் சுத்தணும். அத சுத்த வெக்கிற ரப்பர் பெல்ட்டு அது. அதுதான் வாட்டர் பம்பையும் சுத்துது. பம்பு கசியுதுன்னா தண்ணி பெல்ட்டு மேலயும் படும்." பானட்டைத் தட்டினார். "வண்டி பதினஞ்சு மாடலு. பத்து வருசம் ஆச்சு."

"மீட்டர்ல எண்பத்தேழாயிரம்தானே ஓடியிருக்கு?"

"லட்சம் கிலோமீட்டரு, இல்லாங்காட்டி ஆறேழு வருசம். எது மொதல்ல வருதோ அப்போ மாத்திடணும். ரப்பரு கீதே, வண்டிய நிக்க வெச்சாலும் அதுக்கு வயசாவும்."

"மாத்தலைன்னா?"

லோகநாதன் பின் சீட்டைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு நாளு அறுந்துடும். சத்தம் கித்தம் ஒண்ணும் குடுக்காது. ஓடிக்கினு கீற வண்டி அப்டியே அணைஞ்சுடும். உள்ள வால்வெல்லாம் வளைஞ்சு இன்ஜின் காலி. அது கூட போவட்டும். ஸ்டியரிங் இறுகிடும், பிரேக்கு கல்லாட்டம் ஆயிடும். பின்னாடி ஒரு ட்ரெய்லர் வந்துகினு இருந்தா இன்னா பண்ணுவே?"

"எத்தனை நாள் ஆகும் மாத்த?"

"பெல்ட்டு, பம்பு, டென்ஷனரு எல்லாம் சேத்து ரெண்டு நாளு. முன்னாடி யாராச்சும் மாத்திகீறாங்களான்னு கேளு. மாத்தியிருந்தா பம்புக்கு மட்டும் தண்ணி ஊத்திக்கினு பத்து நாளு ஓட்டிக்கலாம். மாத்தலைன்னா இன்னிக்கே நிறுத்து. முன்னாடி யாருது இந்த வண்டி?"

பெனிஷா காரில் ஏறினாள்.

முன்னாடி அது அண்ணன் எபினேசருடையது. நான்கு வருஷத்துக்கு முன்பு அவளுக்குக் கொடுத்தான்.

ஏழு மாதமாக அவள் அண்ணனோடு பேசவில்லை. அம்மா ரோஸ்மேரிக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்த வாரம், அண்ணனின் ராயபுரம் வீட்டு ஹாலில் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, "அம்மா ஊருக்குப் போகட்டும். அங்க சித்தி பாத்துக்குவா" என்றான் எபினேசர். மகன் ராயபுரத்தில் கயிறும் பெயின்ட்டும் விற்கிற பெரிய கடை வைத்திருக்கிறான். அம்மா ஊரில் தங்கச்சி வீட்டில் கிடக்க வேண்டுமா? அன்று சாயங்காலமே பெனிஷா அம்மாவை எர்ணாவூருக்குத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போட்டது முதல் எல்லாம் அவள்தான்.

ஆபரேஷன் முடிந்து இப்போது கழுத்தில் கரன்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். முப்பது நாள். பத்தொன்பது முடிந்திருந்தது.

கணவன் சுடலைராஜுக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அவன் வீட்டுக்குள் நுழைகிற நேரத்துக்கு இவள் கிளம்பியாக வேண்டும். நாலரைக்கு எழுந்து கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, ஆற வைத்து, அம்மாவுக்கு ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்து, காரோட்டி, மதியம் திரும்பி, ஒரு மணியிலிருந்து இரவு ஒன்பதுவரை கன்டெய்னர் யார்டில் பில் போட வேண்டும். எந்த நாளும் எந்த நாளிலிருந்தும் வேறாக இல்லை.

மெட்ரோ இருக்கிறது. ஏறி இறங்கி மாற அம்மாவால் முடியாது. முதல் வாரம் கால் டாக்ஸியில் போனார்கள். அம்மா வாந்தி எடுத்ததும் டிரைவர் டோல்கேட் பக்கத்தில் வெயிலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு இந்தக் கார்தான்.

"அவனைக் கேக்க வேண்டியதுதானே?" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு காற்று. அம்மாவின் குரல் இப்போது அவ்வளவுதான்.

"பாக்கலாம்மா. நீங்க பேசாதீங்க."

தண்டையார்பேட்டை தாண்டியதும் பெனிஷா தன் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கவனித்தாள். முன்னால் இரண்டு ட்ரெய்லர், பின்னால் ஒன்று. எல்லாம் ஹார்பருக்குள் நுழையக் காத்திருப்பவை. இதுவரை கேட்காத சத்தமெல்லாம் காதில் விழுந்தது. ஏசி காற்று, கண்ணாடி அதிர்வு, சீட்டுக்கடியில் உருளும் தண்ணீர் பாட்டில்.

ராயபுரம் மெயின் ரோட்டில் அண்ணன் கடையைத் தாண்டும்போது அம்மா வழக்கம்போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பெனிஷா வழக்கம்போல ரோட்டை மட்டும் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவை உள்ளே அழைத்துப் போனதும் பெனிஷா நர்ஸ் மங்கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர், ரெண்டு நாள் மட்டும் விட்டு வந்தா ஏதாவது ஆகுமா? வண்டி ரிப்பேர்."

"மெஷின் ரிப்பேர்ல ஏற்கெனவே ரெண்டு நாள் விட்டுப்போச்சும்மா. இனிமே விடக் கூடாதுன்னு டாக்டர் ஃபைல்லயே எழுதியிருக்காங்க. எப்படியாவது கூட்டிட்டு வந்துருங்க."

எப்படியாவது. அந்த வார்த்தையை எல்லோரும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அண்ணன் பெயரைத் தாண்டி, அவன் மனைவி ஷிஜி மைனியின் பெயரை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்தாள் ஷிஜி. "பெனி! அத்தைக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்காங்க. கார் பத்தி ஒண்ணு கேக்கணும் மைனி. அண்ணன் அதுல டைமிங் பெல்ட் மாத்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க. அவசரம்."

அந்தப் பக்கம் கடைச் சத்தம். யாரோ நைலான் கயிறு எத்தனை கட்டு என்று கேட்டார்கள். ஷிஜி போனைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவது கேட்டது. பிறகு ஒரு ஆண் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பெனி" என்றான் எபினேசர்.

அவள் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

"மாத்தியாச்சு. உன்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி சர்வீஸ்லயே மாத்தியாச்சு."

"நிச்சயமா?"

"ம். ஓட்டு."

அவ்வளவுதான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பான் என எதிர்பார்த்து ஒரு நொடி காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. அவளும் வைத்துவிட்டாள்.

ஆனாலும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்பு மாற்றிய பெல்ட் என்றால் இன்னும் காலம் இருக்கிறது. பம்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே மீதி நாட்களை ஓட்டிவிடலாம். அப்புறம் வண்டி இரண்டு நாள் என்ன, இரண்டு மாதம் பட்டறையில் கிடந்தாலும் கிடக்கட்டும்.

உட்கார்ந்தபடியே பத்து நிமிஷம் தூங்கிப்போனாள். மங்கை வந்து தோளைத் தொட்டபோதுதான் விழித்தாள்.

திரும்பும்போது காசிமேடு பக்கம் ஒரு ட்ரெய்லர் சட்டென்று நின்றது. பெனிஷா பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அம்மா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஏதோ கத்திவிட்டுப் போனார்.

தண்டையார்பேட்டை நெரிசலில் சூட்டு முள் ஏறத் தொடங்கியிருந்தது. காலடிப்பேட்டை வரும்போது சிவப்பைத் தொட்டுவிடும்போலத் தெரிந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகலாமென்று பட்டறைச் சந்துக்குள் திரும்பினாள். அம்மா தூங்கியிருந்தாள். நிழலில் நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து வைத்தாள்.

"மாத்தியாச்சாம் அண்ணே. கேட்டுட்டேன்."

"அப்டியா? நல்லதுதான்." லோகநாதன் பானட்டைத் தூக்கி வைத்து, இன்ஜின் சூடு தணியும்வரை அங்கேயே நின்றார். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "யாரு சொன்னா மாத்தியாச்சுன்னு?"

"எங்கண்ணன்."

"இங்க வாம்மா. இந்த மூடி போல்ட்டு மேல மஞ்சளா ஒரு கோடு கீது பாரு. கம்பெனில முறுக்கச்சொல்லோ போடுற பெயின்ட்டு. ஸ்பேனர் பட்டா அது கலைஞ்சு பூடும். இது ஒண்ணுகூட கலையல. இத இதுவரிக்கும் எவனும் தொறக்கல."

அவர் ஸ்பேனரை எடுத்தார். மூடி வந்ததும் டார்ச்சை அவள் கையில் கொடுத்தார்.

ஒரு கறுப்புப் பட்டை. அவ்வளவுதான். ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. லோகநாதன் விரலால் அதை மடக்கிக் காட்டினார். பல்லுக்குப் பல் நடுவே, வெடித்த பாதம் மாதிரி, கோடு கோடாக விரிசல். முதுகில் தேய்ந்த எழுத்துகளோடு வருஷமும் இருந்தது. பதினைந்து.

"வண்டியோட வந்த பெல்ட்டு" என்றார். "காலைல நீ போயிட்டு வந்துட்டே. அவ்ளோதான் சொல்வேன். இதுக்கு மேல எடுத்துக்கினு போனா நா தடுக்க முடியாது. ஆனா அம்மாவ அதுல ஒக்கார வெக்காத."

பெனிஷா டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள்.

சந்து முனையில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளிச் சாம்பல் நிறம். அதிலிருந்து எபினேசர் இறங்கினான். கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான். சட்டையில் கயிற்று நார் ஒட்டியிருந்தது. ஓடி வருகிறவன் மாதிரி நாலு எட்டு வைத்தான். திறந்த பானட்டையும், கழற்றி வைத்திருந்த மூடியையும் பார்த்ததும் நடை தளர்ந்துவிட்டது.

"பாத்துட்டியா" என்றான்.

"எப்படி இங்க வந்த?"

"நீங்க திரும்பி வர வரைக்கும் கடை வாசல்லயே நின்னேன். நீ தாண்டினதும் பின்னாடியே எடுத்துட்டு வந்தேன். நெரிசல்ல விட்டுட்டு, உன் வீடு வரைக்கும் போய்த் திரும்பும்போதுதான் இந்தச் சந்துல வண்டியப் பாத்தேன். போன் பண்ணா நீ ஓட்டிட்டே எடுப்ப. அதான் பண்ணல." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். "நிறுத்தச் சொல்லி ஹார்ன் அடிச்சுட்டே வந்தேன் பெனி. உனக்குக் கேக்கல."

அந்த ரோட்டில் யார் ஹார்ன் யாருக்குக் கேட்கும்?

"மாத்தியாச்சுன்னு சொன்னியே."

"சர்வீஸ்ல மாத்தணும்னு சொன்னாங்க. அப்ப வண்டிய விக்கறதா இருந்தேன். விக்கற வண்டிக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அப்புறம் நீ வேலைக்குப் போக வர வேணும்னு உனக்குக் குடுத்தாச்சு. சத்தியமா ஞாபகத்துலயே இல்ல."

"காலையில ஞாபகம் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் பொய் சொன்ன?"

எபினேசர் தரையில் சிந்தியிருந்த ஆயிலைப் பார்த்தான். "ஏழு மாசம் கழிச்சு நீ பேசுற. மொதக் கேள்வியே அது. இல்லன்னு சொன்னா, அதையும் என் கணக்குல சேத்துக்குவியேன்னு நினைச்சேன். சொல்லி வெச்ச மறு நிமிஷமே தெரிஞ்சுது, என்ன பண்ணிருக்கேன்னு."

கத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். பெனிஷாவிடம் அது இல்லை. பழைய டயர் ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்தாள்.

"அந்த வண்டியில அம்மா இருந்தாங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

அவன் அப்போதுதான் திறந்த கதவு வழியாகப் பின் சீட்டைப் பார்த்தான். ஏழு மாதத்தில் அவன் அம்மாவை அருகில் பார்க்கவில்லை. தினமும் காலையில் கடையைத் தாண்டுகிற கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம், அவ்வளவுதான். இப்போது பக்கத்தில் பார்த்தான். கழுத்து முழுக்கத் தீய்ந்த மாதிரி கறுத்து, தோல் உரிந்திருந்தது. நைட்டிக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை. அவன் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டான்.

ரோஸ்மேரி கண் திறந்தாள். மகனைப் பார்த்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

"கடையில யாரு இருக்கா?" என்றாள் அந்தக் காற்றுக் குரலில்.

"ஷிஜி இருக்கா."

"ஒத்தையிலயா?"

"ம்."

"சரக்கு இறங்குற நாளாச்சே இன்னைக்கு."

எபினேசர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். லோகநாதன் எதையோ தேடுகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து பெனிஷாவிடம்தான் கேட்டார். "இன்னா முடிவு பண்ணினே?"

"கழட்டிருங்க அண்ணே. பெல்ட், பம்ப் எல்லாத்தையும் மாத்திருங்க."

"ரெண்டு நாளு ஆவும். ஆஸ்பத்திரிக்கு?"

பெனிஷா அண்ணனைப் பார்த்தாள். அவன் சாவியை நீட்டிக்கொண்டிருந்தான். பிறகு, என்ன நினைத்தானோ, கையை மடக்கிக்கொண்டான். "நானே ஓட்டுறேன். காலையில ஆறு மணிக்கு வந்துடறேன். நீ பின்னாடி உக்காந்து தூங்கு."

அம்மாவை அணைத்துப் பிடித்து இறக்கி அவன் காருக்கு மாற்றினார்கள். அண்ணன் ஒரு பக்கம், தங்கச்சி ஒரு பக்கம். அம்மாவின் பாரமே தெரியவில்லை. முன் சீட்டைச் சாய்த்து, கழுத்து படாமல் துண்டை மடித்து வைத்தான் எபினேசர். பெனிஷா பின்னால் ஏறி மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். யார்டுக்குப் போன் செய்து இன்று வர முடியாது என்று சொன்னாள். அவர்கள் ஏதோ சொன்னார்கள். காதில் வாங்கவில்லை.

சந்து முனையில் கார் நின்றது. இடது பக்கம் எர்ணாவூர். எபினேசர் இடதுபக்க விளக்கைப் போட்டான்.

"ராயபுரத்துக்குப் போ" என்றாள் ரோஸ்மேரி.

"இப்ப வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கணும்மா" என்றாள் பெனிஷா. "காலையில அண்ணன் வந்துடும். அப்ப போற வழியில கடையைப் பாக்கலாம்."

"காலையில வேண்டாம்."

"என்னது வேண்டாம்?"

அம்மா கழுத்தைத் திருப்ப முடியாமல் கையை மட்டும் தூக்கி ஆட்டினாள். "போதும் பெனி. நீயும் எம்புட்டு நாளுதான் ஓட்டுவ? எனக்குப் போதும்."

"இன்னும் பத்து நாள்தாம்மா! இருபது முடிஞ்சாச்சு!" பெனிஷாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அண்ணே, நீ சொல்லேன்."

எபினேசர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு ஊருக்குப் போறதுன்னு முடிவு பண்ணது நான் இல்ல பெனி. அம்மாதான். ஆபரேஷன், கரன்ட் எதுவும் வேண்டாம், ஊர்ல சித்திகிட்ட இருந்துக்கறேன்னு என்கிட்ட சொன்னாங்க. நீ தாங்கமாட்டியேன்னு, நானே சொல்ற மாதிரி சொல்லச் சொன்னாங்க."

"அம்மா?"

ரோஸ்மேரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லவில்லை.

பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. எபினேசர் இடதுபக்க விளக்கை அணைத்து, வலது பக்கத்துக்கு மாற்றினான். பெனிஷா தடுக்கவில்லை.

கார் ராயபுரம் நோக்கித் திரும்பியது. ஆஸ்பத்திரிக்கும் இதே ரோடுதான். நாளைக் காலை ஆறு மணிக்கு அண்ணன் நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவானா, அம்மா அவனை ஓட்டவிடுவாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. மருந்துப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இருபது நாளில் முதன்முறையாக அந்த ரோட்டில் அவள் கண்களை மூடினாள்.